முகம் நாற்பது, குரல் எண்பது

கேள்வி இது: "பள்ளி நாட்களில் இந்தியானா ஜோன்ஸ் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவன் நான். 2023இல் வந்த ஐந்தாவது படத்தை இன்னும் பார்க்கவில்லை. பழைய சந்தோஷம் கெட்டுவிடுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். பார்க்கலாமா, விட்டுவிடலாமா? பத்து வயது மகளும் கேட்கிறாள். அவளுக்கு எந்த வரிசையில் காட்டுவது?"

பாருங்கள். தயங்க வேண்டியதே இல்லை. ஆனால் முதல் இருபத்தைந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு ரிமோட்டைத் தேடாதீர்கள். அந்தப் படத்தின் பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டிய பிறகுதான் உங்கள் பழைய ஆள், சாட்டையும் கையுமாகப் புதையல் தேடி அலையும் அந்தத் தொல்லியல் பேராசிரியர், வருகிறார்.

விளக்குவதற்கு முன் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். கோடம்பாக்கத்தில் படங்களுக்கு எஃபெக்ட்ஸ் செய்கிறவன் நான். திரையில் ஒருவர் நடந்தால் வரும் காலடி, கதவு திறக்கும் கிறீச், கன்னத்தில் விழும் அறை எல்லாம் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள் மூடிய அறைக்குள் பழைய செருப்பையும் சிரட்டையையும் மரப்பலகையையும் வைத்துக்கொண்டு செய்பவை. அதனால் எந்தப் படமும் எனக்குக் கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுந்துவிடும். இந்தப் பதிலும் காது வழியாகத்தான் வரப்போகிறது.

1987 வாக்கில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு காதுகுத்து. அந்தக் காலத்தில் விசேஷ வீடு என்றால் ராத்திரி வாடகைக்கு வீடியோ டெக் எடுப்பார்கள். டி.வி., டெக், மூன்று கேசட் எல்லாம் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கும். முதல் இரண்டும் தமிழ்ப் படம். மூன்றாவதைப் போடும்போது மணி இரண்டாகிவிடும். பெரியவர்கள் தூங்கிவிடுவார்கள், பையன்கள் மட்டும் கண்ணெரிச்சலோடு உட்கார்ந்திருப்போம். அந்த மூன்றாவது கேசட்டைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பர்மா பஜாரில் அவருக்கு ஆள் தெரியும் என்பது குடும்பத்தில் ஒரு பெருமை.

படம் 'டெம்பிள் ஆஃப் டூம்'. மாமாவுக்கு இங்கிலீஷ் சுமார்தான். ஆனாலும் ஒவ்வொரு வசனத்துக்கும் "அவன் என்ன சொல்றான்னா…" என்று ஆரம்பித்து முழுக் கதையும் சொன்னார். பல வருடம் கழித்து சப்டைட்டிலோடு பார்த்தபோதுதான் அதில் பாதி மாமாவின் சொந்தச் சரக்கு என்று தெரிந்தது. படத்தில் வரும் கிராமத்துப் பெரியவர் என்ன பாஷை பேசுகிறார் என்று கேட்டேன். "சமஸ்கிருதம்டா" என்றார் கொஞ்சமும் யோசிக்காமல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்த அண்ணா ஒருவர் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அது சிங்களமெல்லோ" என்றார் மெல்ல. ஒருத்தரும் நம்பவில்லை.

அவர் சொன்னதுதான் சரி. கதை இந்தியாவில் நடக்கிறது, ஆனால் திரைக்கதையைப் படித்த நம் அரசு இங்கே படமெடுக்க அனுமதி தரவில்லை. படக்குழு இலங்கைக்குப் போய்க் கண்டிப் பக்கத்தில் கிராமத்தையும் தொங்கு பாலத்தையும் எடுத்தது. கிராமத்து ஆட்கள் சிங்களம் பேசினார்கள், வில்லன் அம்ரீஷ் பூரி இந்தியில் காளியைக் கூப்பிட்டார். 1984இல் படம் வந்தபோது இங்கே கொஞ்ச காலம் தடையும் இருந்தது. அதனால்தான் எங்கள் தலைமுறையில் பலருக்கு அது தியேட்டர் படமாக இல்லாமல் கேசட் படமாக அறிமுகமானது. 1991இல் 'தளபதி'யில் அம்ரீஷ் பூரி வந்தபோது மாமா தியேட்டரிலேயே, "டேய், நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுப்பானே, அவன்டா!" என்று கத்தினார். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களில் நம்மைக் கட்டிப்போட்டது எது? புதையலா, பாம்பா, உருண்டு வரும் பாறையா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிலுக்கு வந்த பிறகு முதல் படத்தை, அதாவது 1981இன் 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்'கை, ஹெட்ஃபோன் போட்டு ஒரு முறை முழுக்கக் கேட்டேன். அப்போது வேறொன்று பிடிபட்டது. அந்த ஆளுக்கு வலிக்கிறது.

எண்பதுகளின் தமிழ்ப் பட ஹீரோவை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரை அடித்துப் போட்டபின் சட்டையில் ஒரு பட்டன்கூடக் கழன்றிருக்காது. உதட்டோரம் ஒரு சொட்டு ரத்தம் வரும், அதையும் துடைத்துப் பார்த்துவிட்டுக் கோபப்படுவதற்காக. 'டிஷ்யூம்' என்ற அந்தச் சத்தம் அழகானது, ஆனால் அது எலும்பில் விழும் சத்தம் இல்லை, கொண்டாட்டச் சத்தம். தீபாவளி வெடி மாதிரி. 'ரெய்டர்ஸ்' படத்துக்கு ஒலி வடிவமைத்த பென் பர்ட் வேறு வழியில் போனார். தோல் ஜாக்கெட்டுகளைக் குவித்து வைத்து பேஸ்பால் மட்டையால் அடித்துப் பதிவு செய்தார். அந்த 'தொப்'பில் ஒரு கனம் இருக்கிறது. குத்து விழும்போது உள்ளே இருக்கும் சதை நினைவுக்கு வரும்.

அவருடைய மற்ற வித்தைகளையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. முதல் காட்சியில் துரத்திவரும் பெரிய பாறையின் சத்தம், ஹோண்டா சிவிக் காரை எஞ்சினை நிறுத்திவிட்டுச் சரளைச் சரிவில் உருள விட்டு எடுத்தது. ஆயிரக்கணக்கான பாம்புகள் நெளியும் சத்தம், பாலாடைக்கட்டி போட்டுச் செய்த ஒரு குழைந்த பதார்த்தத்தில் விரல்களை விட்டுப் பிசைந்தது. கதையில் எல்லோரும் தேடும் பேழையின் கல்மூடி நகரும் சத்தம், கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடி. ஜோன்ஸின் கைத்துப்பாக்கி வெடிக்கும்போது கேட்பது உண்மையில் வின்செஸ்டர் ரைஃபிள். அந்தப் படத்தின் ஒலிக்கு ஆஸ்கரும், ஒலி எஃபெக்ட்ஸ் எடிட்டிங்குக்குத் தனியாக ஒரு சிறப்பு ஆஸ்கரும் கிடைத்தன. எங்கள் வட்டாரத்தில் இந்தக் கதைகளைச் சொல்லாமல் ஒரு டீ இடைவேளை முடியாது.

ஆனால் சத்தம் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொள்ள ஒரு உடம்பு வேண்டும். ஜோன்ஸாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு அங்கேதான் வருகிறார். முதல் படம் வெளியானபோது அவருக்கு 38 வயது. பாம்பைப் பார்த்தால் பயப்படுகிறார், குத்து வாங்கிவிட்டுக் கையை உதறுகிறார், எழுந்து நிற்க ஒரு நொடி தாமதிக்கிறார். டூப் கலைஞர்கள் பெரிய வேலைகளைச் செய்தார்கள் என்றாலும் அடி அவருக்கும் உண்மையாகவே பட்டிருக்கிறது. துனீசியாவில் விமானச் சண்டை எடுக்கும்போது சக்கரம் காலில் ஏறியது. இரண்டாவது படத்தில் முதுகுத்தண்டு வட்டு பிதுங்கிப்போய் அமெரிக்காவுக்குத் திரும்பி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவர் இல்லாத வாரங்களில் விக் ஆம்ஸ்ட்ராங் என்ற ஸ்டண்ட் கலைஞர் அவருக்குப் பதிலாக நின்றார். ஐந்தாவது படத்துக்காக 2021இல் ஒரு சண்டையை ஒத்திகை பார்த்தபோது தோள்பட்டை போனது. அப்போது வயது 78.

முதல் படத்தில் ஒரு காட்சி உண்டு. லாரிச் சண்டை எல்லாம் முடிந்து கப்பலில் ஒரு சின்ன அறை. நாயகி மேரியன் காயத்துக்கு மருந்து போட வருகிறாள். எங்கே தொட்டாலும் அவருக்கு வலிக்கிறது. இதற்கெல்லாம் காரணம் வயதில்லை, ஓடிய தூரம் என்கிற மாதிரி ஒன்று சொல்வார். மெக்கானிக் ஷெட்டில் வண்டி வாங்கப் போகிறவர்கள் மாடல் எந்த வருடம் என்று கேட்டுவிட்டு, உடனே குனிந்து மீட்டரைப் பார்ப்பார்களே, அது. நாயகி கோபமாகி, அப்படியானால் எங்கேதான் வலிக்கவில்லை என்று கேட்கிறாள். முழங்கையைக் காட்டுகிறார், அப்புறம் நெற்றியை. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஐந்தாவது படத்துக்கு முந்தைய நாள் மறுபடியும் பாருங்கள். ஐந்தாவது படத்தின் முடிவு அதைத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இப்போது ஐந்தாவது படமான 'டயல் ஆஃப் டெஸ்டினி'யின் ஆரம்பம். 1944, போர் முடியும் நேரம். நாஜிகள் கொள்ளையடித்த பொருட்களோடு ஒரு ரயில், அதன் கூரைமேல் சண்டை. கதைப்படி ஜோன்ஸுக்கு 45 வயது. ஃபோர்டே நடித்தார். பிறகு பழைய படங்களின் காட்சிகளையும் லூகாஸ் நிறுவனம் கிடங்கில் வைத்திருந்த உபயோகிக்காத துண்டுகளையும் கொண்டு கணினியில் இளைய முகத்தை அவர்மேல் பொருத்தினார்கள். முகத்தைப் பொறுத்தவரை வேலை சுத்தம். தியேட்டரில் எனக்கே ஒரு கணம் சிலிர்த்தது.

அப்புறம் அவர் வாயைத் திறந்தார். முகத்துக்கு வயது நாற்பத்தைந்து, குரலுக்கு எண்பது. வயதானால் குரலில் முதலில் போவது சுருதி இல்லை, மூச்சு. வாக்கியத்தின் நடுவில், முன்பெல்லாம் நிற்காத இடத்தில், ஒரு நிறுத்தம் வரும். சொல்லின் கடைசி எழுத்து காற்றாகக் கரையும். மைக்குக்கு முன்னால் நின்று பேசிய மூத்த நடிகர்களைப் பல வருடம் பார்த்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். நடையும் அப்படித்தான். இளைஞன் ஓடினால் பாரம் முன்பாதத்தில் விழும், வயதானவர் ஓடினால் குதிகாலில் உட்காரும். முகத்தை மாற்றியவர்களால் குதிகாலை மாற்ற முடியவில்லை. இருபத்தைந்து நிமிடமும் அடி வாங்குகிறார், விழுகிறார், எழுகிறார், எனக்கு ஒன்றுமே வலிக்கவில்லை. பொம்மைக்கு விழுந்த அடி. இந்தப் படங்களின் உயிரே அந்த வலியல்லவா?

வயதானவர் இளைஞனாக வருவது நமக்குப் புதிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973இல் வெளிவந்தபோது எம்.ஜி.ஆருக்கு 56 வயது. தலைப்பிலேயே வாலிபன்! எங்கள் வீட்டில் ஒருத்தரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. அதைவிட ஆச்சரியம் குரல் விஷயம். 1967 ஜனவரியில் கழுத்தில் குண்டு பாய்ந்தபின் அவர் குரல் மாறிப்போனது. வேறொருவரை வைத்துப் பேசவைத்திருக்கலாம். அவர் தன் குரலிலேயே பேசினார், ஜனங்கள் அந்தக் குரலையே ஏற்றுக்கொண்டார்கள். சில சொற்கள் தெளிவாக விழாது, ஆனாலும் தியேட்டர் அதிரும். ஏனென்றால் மேக்கப்புக்கும் விக்குக்கும் அடியில் இருந்தது அவரேதான், முகமும் குரலும் உடம்பும் ஒரே ஆளுடையவை. ரசிகனுக்கும் நடிகனுக்கும் நடுவில் இருந்த அந்த ஒப்பந்தத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 1944 ரயிலில் இருப்பவர் ஒருவரில்லை, இரண்டு பேர்.

(1996இல் வந்த 'இந்தியன்' படத்தின் இரண்டாம் பாகம் 28 வருடம் கழித்து 2024இல் வந்ததே, அதைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. வேறொரு நாள்.)

ரயில் காட்சி முடிந்ததும் வெட்டு. 1969, நியூயார்க். பக்கத்து வீட்டுப் பையன்கள் பாட்டைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள், நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த கிழவர் திடுக்கிட்டு எழுந்திருக்கிறார். மேலே சட்டை இல்லை. வெறும் அண்டர்வேர். தோல் தொங்குகிறது. அவ்வளவுதான், என் ஆள் வந்துவிட்டார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். எண்பது வயது நட்சத்திரம் அப்படி நிற்கச் சம்மதித்ததற்கே ஒரு சல்யூட். அன்று அவருக்குக் கல்லூரியில் கடைசி நாள். பிரிவுபசாரத்தில் என்ன தருகிறார்கள் தெரியுமா? கடிகாரம். தலைமைச் செயலகத்தில் ஆகட்டும், ஆவடியில் ஆகட்டும், ரிட்டையர் ஆன ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தலைவர் வீட்டிலும் அப்படியொரு கடிகாரம் மாட்டியிருக்கிறது. இவர் அதை வெளியே வந்ததும் தெருவில் யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நேரம் இனி எதற்கு என்பது போல. ஒரு வசனமும் இல்லாத அந்த இடம்தான் படத்தின் திறவுகோல். மனிதன் நிலவில் கால் வைத்துத் திரும்பியதை ஊரே கொண்டாடுகிறது, பழங்காலத்தைத் தோண்டியே வாழ்நாளைக் கழித்தவரைச் சீண்ட ஆளில்லை.

அதற்குப் பின் படம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். முதல் மூன்று படங்களை இயக்கிய ஸ்பீல்பெர்க்தான் நான்காவதையும் செய்தார். இதில் அவருக்குப் பதில் ஜேம்ஸ் மேன்கோல்டு. துரத்தல்களில் ஸ்பீல்பெர்க்கின் குறும்பு இல்லை. ஒரு சின்னச் சிரிப்பை நடுவில் செருகி அடுத்த அடியைப் பெரிதாக்கும் வித்தை அது, அவ்வளவு லேசில் வராது. மொராக்கோவின் தாஞ்சியரில் மூன்று சக்கர ஆட்டோவில் ஒரு துரத்தல் வருகிறது. பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் "ரங்கநாதன் தெரு அண்ணனை வண்டியை எடுக்கச் சொல்லுங்கப்பா" என்றான். நியாயம்தான். தீபாவளி வாரத்தில் தி.நகரில் ஆட்டோவில் போனவர்களுக்கு அந்தக் காட்சி பெரிய பயத்தைத் தராது.

ஆனால் இசை இருக்கிறது. ஜான் வில்லியம்ஸ் 1932இல் பிறந்தவர். படம் வந்தபோது வயது 91. ஐந்து படத்துக்கும் அவரேதான். எங்கள் மொழியில் சொன்னால் ஆர்.ஆருக்கு, அதாவது பின்னணி இசைக்கு, ராஜா அவர். முதல் படத்துக்கு இரண்டு மெட்டுகளை வாசித்துக் காட்டி எது வேண்டும் என்று கேட்டிருக்கிறார், இரண்டையுமே வைத்துக்கொள்ளலாமே என்றாராம் ஸ்பீல்பெர்க். நாம் எல்லோரும் வாயால் வாசிக்கும் அந்த அணிவகுப்பு இசை, அந்த இரண்டும் சேர்ந்தது. ஐந்தாவது படத்தில் அதை அவர் தாராளமாகக் கொட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பாதி வாசித்து நிறுத்துகிறார், மெதுவாக்குகிறார், ஒற்றை வாத்தியத்தில் விடுகிறார். கிழவருக்கு மூச்சு வாங்கினால் மெட்டுக்கும் வாங்குகிறது.

படத்தின் தலைப்பில் வரும் 'டயல்' நிஜப் பொருள். கிரேக்கத்தின் ஆன்டிகிதிரா தீவருகே மூழ்கிய கப்பலில் இருந்து 1901இல் எடுத்த வெண்கலப் பல்சக்கரக் கருவி, இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 82 துண்டுகளாக இருக்கிறது. முப்பது பல்சக்கரங்கள் மிஞ்சியிருக்கின்றன. பக்கத்தில் இருந்த கைப்பிடியைச் சுற்றினால் சூரியன், சந்திரன் நிலை, கிரகண காலம் எல்லாம் முள்ளில் தெரியும். நம் கணக்கில் சொன்னால் வெண்கலத்தில் செய்த பாம்புப் பஞ்சாங்கம். அதைக்கொண்டு காலத்தைத் தாண்டலாம் என்பதும் ஆர்க்கிமிடீஸ் அதற்காகவே செய்தார் என்பதும் படத்தின் கற்பனை. மகளுக்குப் பஞ்சாங்கத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள், சட்டென்று புரியும்.

இன்னொரு விஷயம், சின்ன வயதில் நமக்குத் தோன்றாதது. முதல் படம் எப்படித் தொடங்குகிறது? பெருவில் ஒரு பழங்கோயில், பீடத்தில் ஒரு பொற்சிலை. மணல் பையை வைத்துவிட்டுச் சிலையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். அந்தச் சிலைக்கு உரியவர்கள் அம்போடு துரத்துகிறார்கள். நாம் யார் பக்கம் இருந்தோம்? ஓடு ஓடு என்று கத்தினோம். மூன்றாவது படத்தில், இது அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய பொருள் என்று அவர் முழங்கும்போது கைதட்டினோம்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூட்டிக் கிடந்த ஒரு சோழர் காலத்துக் கோயிலில் இருந்து நடராஜரைத் திருடினார்கள். அந்தச் சிலையை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது 2008இல், இந்தியானா ஜோன்ஸின் நான்காவது படம் வந்த அதே வருடம். கான்பெராவில் கண்ணாடிக்குள் நின்ற நடராஜர் 2014 செப்டம்பரில்தான் திரும்பி வந்தார். விற்ற சுபாஷ் கபூருக்கு வேறொரு கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டு சிறை விதித்தது. இதெல்லாம் செய்தியில் வரவர, அருங்காட்சியகம் என்ற அந்த முழக்கம் என் காதில் வேறு மாதிரி விழ ஆரம்பித்தது. எந்த ஊர் அருங்காட்சியகம்?

ஐந்தாவது படத்துக்கு இது தெரிந்திருக்கிறது என்பதுதான் அதன்மேல் எனக்கு மரியாதை வரக் காரணம். ஃபீபி வாலர்-பிரிட்ஜ் நடித்த ஹெலெனா, ஜோன்ஸின் ஞானஸ்நான மகள், திருட்டுத் தொல்பொருளை ஏலம் விடுகிறவள். நாஜியிடமும் ஜோன்ஸிடமும் முகத்துக்கு நேரே சொல்கிறாள்: நீயும் திருடினாய், நீயும் திருடினாய், நானும் திருடினேன், இதற்குப் பெயர் வியாபாரம் என்கிற தொனியில். தியேட்டரில் சிரித்தார்கள். நான் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூடத்துக்கு மகளை அவசியம் அழைத்துப் போங்கள். சாகசம் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே கதை இருக்கிறது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் சரளை மண்ணில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே அந்தக் கல்லில்தான். அவருடைய சேகரிப்பு பின்னால் எழும்பூருக்கு வந்து சேர்ந்தது. மே மாதப் பல்லாவரத்து வெயிலில் சாட்டையும் இல்லாமல் குனிந்து கல் பொறுக்குவது என்ன சாதாரண விஷயமா?

இனி வரிசை. பத்து வயதுப் பெண்ணுக்கு மூன்றாவது படத்தில் ஆரம்பியுங்கள். 1989இன் 'லாஸ்ட் க்ரூசேட்'. அப்பாவும் பிள்ளையும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே தப்பிக்கிற கதை. அப்பாவாக வரும் ஷான் கானரி ஃபோர்டைவிட 12 வயதுதான் மூத்தவர் என்பதைப் படம் முடிந்தபின் சொல்லுங்கள், நம்பமாட்டாள். அடுத்து முதல் படம். அதன் முடிவில் முகங்கள் உருகும் காட்சி வரும். நாயகனே நாயகியிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வான், அப்பாவும் மகளும் அப்படியே செய்துவிடலாம்.

இரண்டாவது படத்துக்கு அவசரமே வேண்டாம். இதயத்தைப் பிடுங்கும் காட்சி முதலிய வன்முறைகளால் எழுந்த புகாரில்தான் அமெரிக்காவில் 1984இல் 'பிஜி-13' என்ற புதுச் சான்றிதழே வந்தது. அவளுக்குப் பதின்மூன்று ஆகட்டும். அதைவிட முக்கியம், குரங்கு மூளை விருந்தும் நரபலி காளியும் வெறும் அபத்தம். இந்தியாவைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள் எழுதியது. சுரங்கத் தள்ளுவண்டித் துரத்தல் மட்டும் இன்றைக்கும் பிரமாதம். முதலில் பாரிமுனைக்குப் போய்த் தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாளைப் பார்க்கட்டும், அப்புறம் படத்தைப் போடுங்கள். அவளே சிரிப்பாள். அந்தப் படத்தில் ஜோன்ஸோடு வரும் சிறுவன் கே ஹுய் குவான் 2023இல் ஆஸ்கர் வாங்கினார். அதே மேடையில் சிறந்த படத்துக்கான விருதை அறிவித்தவர் ஃபோர்டு. இரண்டு பேரும் கட்டிக்கொண்ட அந்தப் படத்தை அன்று நாள் முழுக்க மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான்காவதை விட்டாலும் குற்றமில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு அணுகுண்டில் இருந்து தப்பிக்கிறார், அதற்கப்புறம் அவருக்கு எது வலிக்கும்? ஆனால் மேரியன் மறுபடி வருவதும் மகன் ஒருவன் இருப்பதும் அதில்தான். ஐந்தாவதில் மகன் ஏன் இல்லை என்பது பெரிய விஷயம், அதனால் அந்தக் கதையை வாய்மொழியாகவாவது தெரிந்துகொள்ளுங்கள்.

மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. காதில் மிஷின், ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. தியேட்டர் படி ஏற முடியாது என்பதால் போன வருடம் என் வீட்டில் ஐந்தாவது படத்தைப் போட்டுக் காட்டினேன். ரயில் காட்சியைப் பார்த்துவிட்டு, "அப்பவே எடுத்து வெச்சிருந்தானாடா இதை?" என்று கேட்டார். விளக்கவில்லை. நியூயார்க் கிழவர் எழுந்ததும், "இவன்தான் நம்ம ஆளு" என்று சொல்லிவிட்டுப் பழைய வேலையை ஆரம்பித்தார். என் பையனுக்கு இங்கிலீஷ் என்னைவிட நன்றாக வரும், இருந்தாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "அவன் என்ன சொல்றான்னா…"

சிசிலியில் ஒரு குகை. ஜோன்ஸ் பாறையைப் பிடித்து ஏறிக்கொண்டே ஹெலெனாவிடம் புலம்புகிறார். தோள் போச்சு, முதுகெலும்பு போச்சு, ஒரு காலில் தகடு, இன்னொன்றில் திருகாணி, அந்தக் காலத்தில் காளி ரத்தத்தை வேறு குடிக்க வைத்தார்கள் என்று நீளமான பட்டியல். மாமா இதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். 1987இல் இருந்து அவர் செய்த மொழிபெயர்ப்புகளில் முழுக்கச் சரியாக இருந்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். சொல்லிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டே, அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்.